ரகுவின் தொப்பி

மொன்ட்ரியாலில் எங்கள் தமிழ்க் குடும்பங்களில் யாருக்குத் தும்மல் வந்தாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் டாக்டர்.

எழுபதுகளின் நடுவில் நண்பன் ரகுவும் நானும் எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்தோம். போய்ச்சேர ஒரு நாள் இருக்கையில் அவனுக்குத் தலைவலி, வாந்தி.

"நீ சொல்லுடா, போலாமா?"

உயரம் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே இறங்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். திரும்ப மனமில்லை. மாத்திரை கொடுத்து, "ஒண்ணுமில்ல, வா" என்றேன்.

மறுநாள் அவனால் நிற்க முடியவில்லை. வழிகாட்டி அவனை முதுகில் சுமந்து இறங்கினார். ரகு தன் கம்பளித் தொப்பியை என்னிடம் நீட்டினான்: "நீயாவது பாத்துட்டு வா."

போனேன்.

அந்தத் தொப்பியோடு நான் முகாமில் நிற்கும் படம் இன்றும் அவன் வீட்டில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம், "இவன் குடுத்த மாத்திரைதான் என்னைக் காப்பாத்துச்சு" என்கிறான்.

நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை.