அப்பாவின் கால்கள்

இந்து மதத்தை விளக்க வரும் புத்தகங்கள் எல்லாம் வேதத்தில் தொடங்குகின்றன. எனக்கு அது என் அப்பாவின் கால்களில் தொடங்குகிறது.

நாங்கள் அய்யாவழிக்காரர்கள். நாங்கள் கும்பிடும் இடமான ஊர்த் தாங்கலில் சிலை கிடையாது, நிலைக்கண்ணாடிதான். தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன்னால் நிற்க வேண்டும். அதில் தெரிகிற நம் முகத்துக்குள்தான் சாமி. ஆனால் தாங்கலுக்கு வெளியே, மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் பாதையை விட்டு வயலில் இறங்கி நின்று வளர்ந்தவர் அப்பா.

பெரிய கோயில்களை எல்லாருக்கும் திறந்துவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் அவர் போகவில்லை. சுதந்திரம் வந்த மறு வருஷம் நான்தான் பிடிவாதமாகத் திருவட்டாறு கோயிலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே பூசை செய்த போற்றி சின்ன வயதுக்காரர். நாங்கள் யாரென்று கேட்கவில்லை. இலைத்துண்டில் சந்தனத்தை வைத்து அப்பாவின் கைக்கு நேரே நீட்டினார். அப்பா சட்டென்று இரண்டடி பின்னால் போனார். சந்தனம் கல்தரையில் விழுந்தது.

வெளியே வந்ததும் கத்தினேன். "என்னத்துக்குப்பா வெலகுனிய? அவரு தரத்தானே செய்தாரு?"

"நான் வெலகல்ல மக்கா. காலு வெலகிட்டு."

ஊர் வந்து சேரும்வரை நான் அவரை விட்டு முன்னால் விடுவிடுவென்று நடந்தேன். வேறு யார் மேலோ வந்திருக்க வேண்டிய கோபம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தாங்கலுக்கு வந்தார். தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு கண்ணாடியை நெருங்கினார். தன் முகம் தெரிந்ததும் இரண்டடி பின்னால் போய் நின்றார்.