டாக்டரிடம் சொல்லாத மாத்திரை

எங்கள் முதுநகர் டாக்டர் கோபக்காரர் இல்லை, ரோஷக்காரர். என் மகளைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது, மகள் பிடிவாதமாகச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கச் செய்தாள். அதற்கப்புறம் ஒருநாள் என் தலைவலிக்கு முதுநகர் டாக்டரிடம் போனேன். "சிதம்பரத்துலயே பாத்துக்க வேண்டியதுதான?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு ஃபைல். இவர் சீட்டை அவரிடம் காட்டுவதில்லை, அவர் சீட்டை இவரிடம் காட்டுவதில்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படித்தான். சம்பந்தி வீட்டில் பார்க்கிற மரியாதையை டாக்டரிடமும் பார்க்கிற ஜனங்கள் நாங்கள்.

மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இருமலுக்கெல்லாம் சிதம்பரம் எதற்கு என்று முதுநகர் டாக்டரிடமே கூட்டிப்போனேன். உள்ளே போகும் முன் சிதம்பரம் ஃபைலைப் பையிலிருந்து எடுத்து ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன்.

"சிதம்பரத்துல குடுத்த மாத்திரைல்லாம் ஓடுதா?" என்று டாக்டர் கேட்டார்.

இவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் எப்பவோ நிறுத்தியாச்சு சார். நீங்க குடுக்கற பிரஷர் மாத்திரை மட்டுந்தான்."

டாக்டர் முகம் மலர்ந்தது. சளிக்குப் பத்து நாள் மாத்திரை எழுதினார். வெளியே வந்ததும் இவர், "எதுக்குடி பொய் சொன்ன?" என்றார்.

"அவுரு மனசு கஷ்டப்படும்ங்க. சளி மாத்திரைக்கும் சிதம்பரத்துக் கொழுப்பு மாத்திரைக்கும் என்னா சம்பந்தம்?" என்றேன். வேளை தவறாமல் இரண்டையும் என் கையாலேயே கொடுத்தேன். அந்தப் பொறுப்பை நினைத்தால் இப்போது என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாம் நாள் தொடை வலிக்கிறது என்றார். இருமி இருமி வந்த அசதி என்று தைலம் தேய்த்தேன். மறுநாள் பாத்ரூமில் உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து இரும்பைத் தூக்கிய மனுஷனை நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். ஒன்றுக்குப் போனது டிக்காஷன் மாதிரி இருந்தது. சூடு என்று இளநீர் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாளில் ஒன்றுக்குப் போவதும் நின்று, ஆள் சுருண்டு படுத்துவிட்டார். மகள் கார் எடுத்துவந்து சிதம்பரத்தில் சேர்த்தாள்.

வீட்டிலிருந்து அள்ளிப்போன மாத்திரைகளைப் புரட்டிய பெண் டாக்டர் இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார். "இது ரெண்டும் சேரவே கூடாதும்மா. சளி மாத்திரை, கொழுப்பு மாத்திரைய ஒடம்புல அளவுக்கு மீறி ஏத்தி வுட்டுடும். தசையே கரைஞ்சு கிட்னியை அடைச்சிருக்கு." அப்புறம் நிமிர்ந்து கேட்டார்: "சளிக்குப் பாத்த டாக்டர்கிட்ட இந்த மாத்திரைய யாரும் சொல்லலியா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கட்டிலிலிருந்து இவர் குரல் வந்தது. "நாந்தான் சொல்லல. மறந்துட்டேன். அவ வெளிய உக்காந்துருந்தா."

நான் மறுக்கவில்லை.

டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கால்களை அதற்கப்புறம் அவர் தரையில் ஊன்றவே இல்லை. ஒரு மத்தியானம் மகள் கேன்டீனுக்குப் போனபோது, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அழுதேன்.

"இனிமே அவகூடத்தான நீ இருக்கணும்" என்றார்.

ஏழாவது வாரம் கிருமித் தொற்று வந்து போய்விட்டார்.

இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறேன். வருஷத் திவசத்தன்று படத்துக்கு மாலை போட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பாரும்மா. இந்த அப்பாவுக்கு எப்பவுமே அலட்சியம்."

"ஆமாம்மா" என்றேன்.