முதுகுக்கு அடியில் நட்சத்திரம்

ஒட்டுத்துணியில் நட்சத்திரம் தைப்பது என்றால், டைமன் வடிவத்தில் வெட்டிய எட்டுத் துணித் துண்டுகளின் கூர்முனைகளை நடுவில் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்ப்பது. ஏழு சேர்ந்துவிடும், எட்டாவது முரண்டு பிடிக்கும். ராத்திரி தூக்கம் வராமல் மெஷினில் உட்காருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு விளக்கவே வேண்டாம். தைத்துப் பிரித்து, மறுபடி தைத்து, கடைசியில் சரியாக வரும்போது ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் ராயபுரத்தில் ஹாரன் அடிக்க ஆரம்பித்திருக்கும். காட்டுவதற்கு ஆள் இருக்காது. படுத்துவிடுவேன்.

கலர் பார்த்தவன்

வண்ணாரப்பேட்டையில் காதர் பாய் குடோனில் பனியன், சட்டை வெட்டின மிச்சமெல்லாம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். லேத் பட்டறைக்காரர்கள் எண்ணெய் துடைக்க எடைபோட்டு வாங்கிப்போவார்கள். நான் ஒருவன்தான் மூட்டையைப் பிரித்து, துண்டுகளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இந்த நீலமும் அந்த நீலமும் ஒன்றா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு கைப்பிடித் துணிதான் எடுத்தேன். பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இன்னா நைனா, வேஸ்ட்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"

அரைத் தூக்கத்தில் பிடித்த வேலை

ராத்திரி வேலைக்காரனுக்கு ஊர் செய்கிற பெரிய கொடுமை, காலையில் அவன் கண் அசந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டுவது. அப்படித் தட்டியவள் லூர்து. காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவள். வீடு எர்ணாவூர் குடியிருப்பில். அவள் புருஷன் மைக்கேல் ஹார்பரில் கன்டெய்னர்களைக் கப்பலோடு இழுத்துக் கட்டுகிற வேலையில் இருந்தவர். மேலேயிருந்து விழுந்ததில் மார்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. படுத்த படுக்கை. முதுகில் புண் வந்து, இப்போதுதான் ஆறிக்கொண்டிருக்கிறதாம்.

அவருடைய பழைய லுங்கிகளையும் தன் பழைய புடவைகளையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எல்லாவற்றையும் அடுக்கித் தைத்து, தடிமனாக, உறுத்தாமல் ஒரு விரிப்பு வேண்டும். புண் மறுபடி வாய் திறந்தால் ஆளைப் பார்க்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நான் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, நட்சத்திரம் வைத்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"நட்சத்திரம் வெய்யி, நெலா வெய்யி, இன்னா வேணா வெய்யிண்ணா. மெத்துனு இருக்கணும், அவ்ளோதான்."

படுத்துப் பார்த்தவள்

நான் தைத்ததிலேயே நல்ல நட்சத்திரம் அது. விரிப்பின் நட்டநடுவில் வைத்திருந்தேன். லூர்து வந்தாள். மீன் கூடையை வெளியே வைத்தாள், கையைக் கழுவினாள், விரிப்பை என் வீட்டுத் தரையில் போட்டு, மல்லாக்கப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கதவு வேறு திறந்திருந்தது. எதிர்வீட்டுக்காரி ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப உதறி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

லூர்து அசையாமல் கிடந்தாள். அப்புறம் கையைப் பின்னால் விட்டுத் தடவினாள். நட்சத்திரத்தின் நடுவில், எட்டுத் துண்டுகளின் தையல் மடிப்புகளும் ஒன்றுமேல் ஒன்றாக ஏறுகிற இடம். கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு புடைப்பு. இந்த வேலையை நான், போன் வீடியோவில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தைப்பதைப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். பாஷை புரியாது, கை புரியும். அந்த மடிப்புகளை எப்படிப் படியவைப்பது என்று அவள் ஏதோ நிறுத்தி நிறுத்திச் சொல்லியிருப்பாள் போல. பேச்சு வருகிற இடத்தையெல்லாம் ஓட்டிவிடுவது என் வழக்கம். இஸ்திரி போட்டால் அமுங்கிவிடும் என்றேன். போட்டேன். மறுபடி படுத்தாள்.

"இன்னும் கீதுண்ணா. எனுக்குக் குத்துனா நான் எழுந்துப்பேன். அவருக்குக் குத்துனா அவருக்கே தெரியாது."

கோணல் மூலை

நட்சத்திரத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, நடுவில் ஒரே லுங்கித் துணியாக, தையலே இல்லாமல் விட்டேன். லூர்து மூன்றாம் முறை படுத்துத் தலையாட்டிய பிறகுதான் எர்ணாவூருக்கு எடுத்துப்போனேன். எடுத்த நட்சத்திரத்தை வீட்டில் விட மனசு வரவில்லை. அதையும் பையில் போட்டுக்கொண்டேன்.

மைக்கேல் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். பூச்சு உதிர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது. விரிப்பை அவருக்கு அடியில் விரித்தோம். நல்லா இருக்கா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "எனுக்கு எப்டி மாமு தெரியும்? நான் அது மேலதான படுத்துகினு கீறேன்" என்று சிரித்தார். பையில் இருந்ததைக் காட்டினேன். அதைத் தன் கண்ணுக்கு நேரே மேலே கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொன்னார். நான் ஸ்டூல் மேல், லூர்து ஜன்னல் திட்டு மேல். "லெப்ட்ல இழு! லூஸ் வுடாதம்மே! யோவ், அது முடிச்சா?" என்று அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டி முடித்து நான் இறங்கியதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"ஒரு மூலை கோணலா கீது மாமு. வுடு, அத்தப் பாத்துகினே பொழுது போவும்."

கூடையில்லாமல் வந்தவள்

மழைக்காலத்தில் மைக்கேலுக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்குச் சேதி வரவில்லை. அடக்கமெல்லாம் முடிந்து ஒருநாள் காலை லூர்து வந்து கதவைத் தட்டினாள். கையில் கூடையில்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னாள்.

எனக்கு ஒன்றைக் கேட்க வேண்டும்போல இருந்தது. எப்படிக் கேட்பது? விரிப்பில் எங்காவது ஒரு மடிப்பு மிச்சமிருந்து, நான் கவனிக்காமல் விட்டிருந்தால்? அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படிவரைக்கும் போனவள், நின்று சொன்னாள்.

"சளிதாண்ணா. குளிப்பாட்டறப்போ திருப்பிப் பாத்தேன். முதுகு சுத்தமா ஆறிப்போய் கீது."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பேர் அதுதான். அது வந்து சேர இன்னும் பத்து வருஷம் ஆகியிருந்தால் நான் ஒன்றும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன்.