கரவெட்டியிலிருந்து வந்த நீலக் கிண்ணம்

போன வருடம் ஆவணி மாதம், கோயில் திருவிழாக்கள் நடக்கும் நேரம். நீர்வேலியிலிருந்து கரவெட்டிக்கு, ஒரு மனிதரோடு சண்டை பிடிப்பதற்கென்றே பஸ் ஏறினேன். அவரை நான் முன்பின் பார்த்ததில்லை. பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் தெரியும்.

எனக்கு நயமாகப் பேச வராது. மனதில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடும். வீட்டிலும் தோட்டத்திலும் என் சத்தம்தான் பெரிது. இதை முதலே சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா சண்டைக் காலத்தில் டென்மார்க்குக்குப் போனவர். அங்கே முதியோர் இல்லமொன்றில் வேலை. பழைய சாமான் விற்கும் கடையைக் கண்டால் அவருக்குக் கால் நகராது. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு அவர் அனுப்பிய முதல் பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே ஒரு மண்ணிறக் கிண்ணம் இருந்தது. வெளியே சொரசொரப்பு, உள்ளே மழையில் நனைந்த தரை போல மினுக்கம். உந்தக் கிண்ணத்தை என்னத்துக்கு அனுப்பினனீ என்று போனில் ஏசினேன். ஏசிவிட்டுப் போய், அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். கனம் கைக்கு இதமாக இருந்தது. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் போகவில்லை.

தேக்கில் தோணி போலக் கடைந்த தட்டு, சுவரில் மாட்டும் நீல வெள்ளைத் தட்டுகள், இலை வடிவக் கோப்பைகள் என்று பெட்டிக்குப் பெட்டி வந்தன. கவிழ்த்துப் பார்த்தால் சிலவற்றின் அடியில் மூன்று நீல அலைக்கோடுகள் இருக்கும். அது அந்த நாட்டுக் கடல் என்று அக்கா சொன்னார். பிறகு நானும் தேடத் தொடங்கினேன். டென்மார்க்கில் உறவுக்காரர் இருக்கும் வீடு எது என்று ஊரில் விசாரிப்பேன். புத்தூரில் ஒரு வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்த கிண்ணத்துக்கு, புதுச் சில்வர்ச் சட்டி ஒன்றைக் கொடுத்து வாங்கி வந்தேன். அந்தக் கோழிகளுக்கு என்னில் இன்னும் கோபம் இருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரி சும்மா விடமாட்டாள். "உதுக்குள்ளை கூழ் வாத்துக் குடிச்சாலென்ன? கண்ணாடி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூசையே செய்யிறாய்?"

"நீ முதலிலை உன்ரை வாயைக் கழுவிப்போட்டு வா, வாக்கிறன்."

நானும் அக்காவும் வெகுகாலம் தேடியது ஒரு பெரிய நீலக் கிண்ணம். உள்ளே மீன்கள் வட்டமாக நீந்தும். அக்கா வேலை செய்த இல்லத்தில் ஒரு கிழவியிடம் அப்படியொன்று இருந்ததாம். அவர் இறந்ததும் எங்கோ போய்விட்டது. கடைசியில் அதே மாதிரி ஒன்றை அக்கா ஒரு கடையில் பிடித்துவிட்டார். வீடியோவில் காட்டி, "இதைப் பெட்டியிலை போடமாட்டன். வரேக்கை நானே கொண்டு வாறன்" என்றார்.

வரவில்லை. மாசி மாதம் அக்கா போய்விட்டார். எனக்கு விசா கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கூடப்பிறந்தவளின் செத்தவீட்டை நான் போனில் பார்த்தேன். பெட்டியை மூடும் நேரத்தில் படம் அப்படியே நின்றுவிட்டது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. போனைத் தூக்கி எறிந்தேன்.

அதனால் அந்தக் கிண்ணம் எனக்குச் சும்மா ஒரு சாமான் இல்லை. அக்கா கடைசியாக எனக்கென்று எடுத்து வைத்தது அது ஒன்றுதான்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவரைக் கண்டால் எங்கள் சனம் விடாது. இதைக் கொண்டுபோய்க் குடுங்கோ, அதைக் கொண்டுபோய்க் குடுங்கோ என்று தலையில் கட்டிவிடும். அக்காவின் மகளும் கிண்ணத்தை, அக்காவைத் தெரிந்த, திருவிழாவுக்கு வரவிருந்த கரவெட்டிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். சில நாள் போனது. பிறகு ஒரு காலையில், "சித்தி, அவர் முந்தியே வெளிக்கிட்டிட்டாராம். ஏன் எண்டு தெரியேல்லை" என்று சொன்னாள். அவருடைய இங்கத்தைய நம்பருக்கு எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். உடைத்துவிட்டு ஒளிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

நெல்லியடியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். பஸ் வல்லை வெளியைத் தாண்டும்போதே ஏச வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கியாயிற்று. பெயரையும் டென்மார்க் என்பதையும் சொன்னதும் ஓட்டோக்காரர் திரும்பி என் சிவப்புச் சேலையைப் பார்த்தார்.

"செத்தவீட்டுக்கோ அக்கா? பிந்திட்டியள். அப்பவே எடுத்திட்டினம்."

"ஆர் செத்தது?"

"அவரின்ரை தாய் மனிசிதான். திடீரெண்டு. மகன் முந்தநாள் ஓடி வந்தவர்."

திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் ஓட்டோ வாசலில் நின்றுவிட்டது, ஆட்களும் கண்டுவிட்டார்கள். செத்தவீட்டு வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பக்கூடாது. இறங்கினேன்.

பந்தலுக்குள் கால் வைத்ததும் ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து, "என்ரை அக்கா போட்டாவே" என்று குழறி அழுதார். இறந்தவரின் தங்கை அவர். நான் யார் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வருகிற பெண்ணைக் கட்டி அழுவது எங்கள் முறை. அந்த ஒரு வார்த்தையில் எனக்குள் ஏதோ அறுந்தது. மாசியில் வராத அழுகை முழுவதும் அங்கே வந்தது. யாரோ ஒருவரின் வீட்டில், யாரென்று தெரியாத பெண்ணின் தோளில், என் அக்காவுக்காக நான் அழுது முடித்தேன்.

முகத்தைத் துடைத்துவிட்டு இருந்தபோது, மொட்டையடித்த ஒருவர் முன்னால் வந்து நின்றார். சுடலையிலிருந்து வந்து முழுகியிருந்தார், ஈரம் காயவில்லை.

"நீர்வேலி அக்காவோ? சொல்லத் தேவையில்லை, உங்கடை அக்காவின்ரை முகம்தான் உங்களுக்கு. போன் எங்கை கிடக்குதெண்டே தெரியேல்லை அக்கா, குறை நினையாதேங்கோ. உங்கடை கிண்ணம் பத்திரமாயிருக்கு."

என்னைக் கட்டி அழுத அந்தப் பெண் நிமிர்ந்தார். "தம்பி, இண்டைக்கு இந்த வீட்டிலையிருந்து ஒரு துரும்பும் வெளியிலை போகக்கூடாது. துடக்கு முடியட்டும். அந்தியேட்டி கழிய வந்து எடுக்கட்டும்."

அவர் சொன்னது முறைதான், சாவுத் தீட்டு உள்ள வீட்டுச் சாமான் வெளியே போகக்கூடாது. என் வீட்டில் செத்தவீடு என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. வெறுங்கையோடு போகத் தயாரானேன்.

"அது இந்த வீட்டுக்குள்ளை வரேல்லை, சின்னம்மா" என்றார் அவர். "எயாப்போட்டிலையிருந்து வந்த வானாலை இறங்கின உடனை முன்வீட்டிலை குடுத்திட்டுத்தான் உள்ளை வந்தனான்."

எனக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. தாயின் உடல் உள்ளே கிடக்கிறது. கடல் கடந்து ஓடி வந்த பிள்ளை வாசலில் நின்று, முன்பின் தெரியாத ஒருத்தியின் கிண்ணத்தில் துடக்குப் படக்கூடாது என்று யோசித்திருக்கிறார்.

"ஏன் தம்பி இந்த நேரத்திலை உதையும் காவிக்கொண்டு..." என்று தொடங்கினேன்.

"அக்காவின்ரை செத்தவீட்டுக்கு உங்களுக்கு வரக் கிடைக்கேல்லையாம். எனக்கு அம்மாவின்ரை முகம் பாக்கவாவது கிடைச்சுது. உங்களுக்கு உதாவது வந்து சேரோணும் எண்டு நினைச்சன்."

எங்கள் பக்கத்தில் செத்தவீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு போவதில்லை. போட்டு வாறன் என்றும் சொல்லக்கூடாது. எழும்பி, பேசாமல் நடக்க வேண்டும். அப்படியே நடந்தேன்.

முன்வீட்டு அம்மா ஒரு கம்பளிச் சட்டையில் சுற்றிய கிண்ணத்தைத் தெருவிலேயே என் கையில் தந்தார். "ஒரு கைப்பைதான் பிள்ளை கொண்டு வந்தவன். பை முழுக்க உதுதான். மாத்துறதுக்கு ஒரு உடுப்பில்லை. கொள்ளி வைக்க என்ரை மனிசன்தான் வேட்டி குடுத்தவர்."

திரும்பிப் பார்த்தேன். அவர் படலையடியில் நின்றார். கையெடுத்துக் கும்பிடக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அவர் இப்போது டென்மார்க்கில். போனில் நன்றி சொல்லலாமே என்று கேட்பீர்கள். மூன்று தரம் எடுத்தேன். ஒவ்வொரு தரமும், சாப்பிட்டியளோ, குளிரோ என்று எதையோ கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஏச்சு வருகிற வாய்க்கு அந்தச் சொல் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கிண்ணம் இப்போது அலுமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது, மீன்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன. மற்றவை அக்கா தந்தவை, இல்லாவிட்டால் நானே தேடி வாங்கியவை. அந்த நீலக் கிண்ணத்தை மட்டும் இரண்டு பேர் எனக்குத் தந்தார்கள் என்றுதான், தூசி துடைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.