ஊசிக் காதும் ஒரு சொட்டு எச்சிலும்

என் அப்பா தையற்காரர். முப்பது வருடமாக நூல் முனையை நாக்கில் நனைத்து, ஒரு கண்ணை மூடி, ஊசிக் காதில் கோப்பவர். அந்த எச்சிலே ஒருநாள் அவரைக் கவிழ்த்துவிட்டது. சாப்பிட உட்கார்ந்தால் போதும், இடது தாடைக்கு அடியில் புடைத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும்.

"சோத்தப் பாத்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கற மனுஷன இப்பத்தான் பாக்கறேன்" என்றாள் அம்மா.

எச்சில் சுரப்பியின் குழாயில் கல் இருப்பதாக டாக்டர் சொன்னார். நாக்குக்கு அடியிலுள்ள துளை வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, குட்டி வலையில் கல்லைப் பிடித்து இழுக்க வேண்டும். முடியாவிட்டால் கழுத்தைக் கிழித்துச் சுரப்பியையே எடுக்க வேண்டும்.

"கிழிச்சா யாரு தைப்பாங்க?" என்றார் அப்பா.

"நான்தான்" என்றார் டாக்டர்.

அவர் சட்டைப் பித்தான் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அப்பா என் பக்கம் திரும்பி, "கிழிக்க மட்டும் விட்டுடாதம்மா" என்றார்.

வீட்டின் முதல் பட்டதாரி நான். "படிச்ச பொண்ணு பக்கத்துல இருக்கட்டும்" என்று அடம்பிடித்து என்னையும் சிகிச்சை அறைக்குள் நிற்க வைத்தார். வாய் மட்டும் மரத்திருந்தது. ஆள் விழித்திருந்தார். பயத்தில் நாக்கு வறண்டு, துளை டாக்டரின் கண்ணில் படவில்லை.

"ஒரு சொட்டு எச்சில் வந்தாத்தான் தெரியும். புளிப்பா எதாவது சொல்லுங்க" என்றார் டாக்டர்.

எலுமிச்சையின் நிறம், வடிவம், பயன்கள் என்று தேர்வு எழுதுவதுபோல் ஒப்பித்தேன். ஊறியது என் வாய்தான்.

அப்பா நூல் முனையைத் திரிப்பதுபோல் இரண்டு விரல்களைச் சேர்த்து உருட்டி, என் கையிலிருந்த பையைக் காட்டினார். அதில் அவர் சட்டை இருந்தது. அதன் காலரில் எப்போதும் நூலோடு ஓர் ஊசி குத்தியிருக்கும். அதை எடுத்து அப்பாவிடம் நீட்டப் போனேன்.

"கிட்டக் கொண்டுவராதீங்க!" என்று அலறினார் டாக்டர்.

சுவரோரமாக நின்று நானே கோத்தேன். 'நீ படி போதும்' என்று தையல் பக்கமே விடாமல் வளர்த்த பெண் நான். காய்ந்த நூல் முனை பிரிந்து, காதின் இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போனது. மறுபடியும் அப்படியே. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. கண் பிதுங்கியது, தொண்டை ஏறி இறங்கியது, மரத்த நாக்கு தானாகவே நூலைத் தேடியது.

"ஊறுது! துளை தெரியுது!" என்றார் டாக்டர்.

கல் வலையில் சிக்கி வந்தது, மிளகு அளவுக்கு. கழுத்து தப்பியது.

அப்பா கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கோத்துட்டியா?" என்று குழறினார்.

"இல்லப்பா."

"காலேஜ்ல மூணு வருஷம் என்னதான் சொல்லிக் குடுத்தாங்க?"

எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

மாலையில் டாக்டர் அதே ஊசலாடும் பித்தானோடு பார்க்க வந்தபோது அப்பா ஊசியோடு காத்திருந்தார். "சட்டையக் கழட்டுங்க டாக்டர்" என்றார். நூலை நாக்கில் நனைத்தார். ஒரே குத்தில் கோத்தார்.