டெல்ஃப்டில் வசந்தியோடு ஓர் அரை நாள்

தேயிலைத் தரச் சோதனைப் பயிற்சிக்காகக் கடந்த அக்டோபரில் கம்பெனி என்னை ஐந்து நாள் ரோட்டர்டாமுக்கு அனுப்பியது. லிந்துலையில் வீடு, தலவாக்கலையில் தொழிற்சாலை என்று இருந்தவளுக்கு முதல் வெளிநாடு. புதன்கிழமை பிற்பகல் ஓய்வு கிடைத்ததும் பக்கத்து நகரமான டெல்ஃப்டுக்குப் போனேன். ஊர் பார்க்க என்று மற்றவர்களிடம் சொன்னேன். வசந்தியைப் பார்க்கத்தான் போனேன்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில், அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். கல்யாணமாகி அவள் ஹாலந்து போனாள். நான்கு வருடத்துக்கு முன் அவள் அம்மா இறந்தபோது வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. மகள் செய்ய வேண்டியதையெல்லாம் நான் செய்தேன். அதோடு பேச்சு நின்றது. இப்போது நானே செய்தி அனுப்பினேன். "மூணு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரேன்" என்று உடனே பதில் வந்தது.

ரோட்டர்டாமில் 12.50க்கு ரயில். கால் மணி நேரப் பயணம், ஐந்து யூரோவுக்குள். வங்கி அட்டையை ஸ்டேஷன் வாசல் கருவியில் தொட்டு ஏறலாம். இறங்கும்போதும் தொட மறக்காதீர்கள். சந்தைச் சதுக்கத்துக்குப் பத்து நிமிட நடை. செங்கல் பாவிய வழி என்று நான் நடந்தது சைக்கிள் பாதையாம்! மணியடித்து நின்ற ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே நடைபாதையைக் காட்டினார். தேவாலயக் கோபுரத்துக்கு 376 படி. மலைநாட்டுக்காரிக்கு அது பெரிதில்லை. மேலே போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குன்றுகூட இல்லை. கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். மூன்று மணிக்கு வசந்தி வந்தாள். கால்வாய் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்ப எனக்கு விசா பேப்பர் வரலடி. வெளிய போனா திரும்ப வர ஏலாது. புள்ளைக்கு ரெண்டு மாசம்."

"அத போன்ல சொல்லியிருக்கலாமே?"

"ஒன் சத்தத்த கேட்டா ஒடைஞ்சிருவேன்னு பயந்துட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அம்மா என்னைய கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"தினமும் கேட்டாங்க. வந்துக்கிட்டு இருக்கான்னு சொன்னேன். கடைசி நாள், 'அவளுக்குக் குளிரும், சுவெட்டர் எடுத்து வை'ன்னாங்க."

வசந்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளிடம் கேட்க நான்கு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

5.30 ரயிலில் திரும்புவதாகத் திட்டம். ஏறியது 8.15க்கு.

போகிறவர்களுக்கு: அக்டோபரில் மழை அங்கி கட்டாயம். கோபுரத்துக்கு மதியத்துக்குள் போய்விடுங்கள். டெல்ஃப்டுக்கு அரை நாள் போதும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஊரைப் பார்க்க அது போதும். அங்கே உங்கள் ஆள் யாராவது இருந்தால், திரும்பும் நேரத்தை முடிவு செய்யாமல் போங்கள்.