ஆமை டாக்டர் அவசரப்பட்ட நாள்

மயக்க மருந்து டாக்டருக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஆமை என்றுதான் பெயர். குழந்தைகளுக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகின் அடிப்பகுதியில் போடும் மருந்தை, இருபது வருஷமாக அவள் இரண்டு நிமிஷம் எடுத்துக்கொண்டு மெல்லத்தான் செலுத்துவாள். வேகமாகத் தள்ளினால் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர் மேலேறி மூளையை அழுத்தும்.

அன்று மேஜையில் மயக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தவன் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த மூன்று வயதுப் பையன்.

"ஆமையம்மா, நீங்க முடிக்கறதுக்குள்ள இவனுக்கு மீசை முளைச்சிடும்," என்றார் கையில் கத்தியோடு காத்திருந்த சர்ஜன். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி மருந்தை ஒரே மூச்சில் தள்ளிவிட்டாள்.

பையனின் மூடிய இமைமேல் ஸ்கேன் கருவியைப் பிடித்திருந்த நர்ஸின் முகம் வெளுத்தது. "மேடம், கண்ணுக்குப் பின்னால நரம்பு உறை வீங்குது. தலைக்குள்ள அழுத்தம் ஏறுது!"

அவள் சட்டென்று ஊசியிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள். நூற்றுப்பத்தில் இருந்த பையனின் நாடித்துடிப்பு எண்பதுக்குச் சரிந்தது.

"கத்தியைக் கீழ வைங்க சார்."

சர்ஜன் வைத்தார். "ஒண்ணும் ஆகாதில்ல?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

அவள் பையனின் தலைமாட்டை உயர்த்தியபடி ஸ்கேன் திரையையே பார்த்தாள். வீக்கம் மேலும் ஏறவில்லை. ஆனால் இறங்கவும் இல்லை.